ரெண்டையும் பக்கத்துல வைங்க

2019 ஜூலை 12, வெள்ளிக்கிழமை, காலை மணி 10.40. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மேல்காற்று பெரம்பலூர் பஸ் நிலையத்து மண்ணை வாரிக்கொண்டு வந்து எங்கள் அலுவலகத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அன்று மூன்றாவது முறையாக நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் படியேறி வந்தார். படிகள் பதினேழு. நான் எண்ணினேன், காலடிச் சத்தம் பதினாறுதான் கேட்டது. ஒரு படியைத் தாண்டியிருக்கிறார். அவரைப் பற்றி எனக்கு வந்த முதல் சந்தேகம் அது.

வயது நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். வலது மணிக்கட்டில், முகம் உட்பக்கம் பார்க்கக் கட்டிய கடிகாரம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. தோளில் பழைய லேப்டாப், அதைச் சுற்றி நீலத் துண்டு, அதற்கு மேல் காடாத் துணிப் பை. வரதராசன்பேட்டையிலிருந்து பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு, மற்ற நாட்கள் அரியலூர் அலுவலகத்துக்கு என்று ஒப்பந்ததாரர் அனுப்பியிருந்தார்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியாவது இதைத் தேடிப் படித்து, நடந்ததோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். இப்போதுள்ள தவறுகளே போதும்.

அன்று நாற்காலியில் உட்காரப் போனவரை எங்கள் கிளார்க் முருகானந்தம் மறித்தார்.

"மேடம், அப்படி வெளியில பெஞ்சுல உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன்."

"டீய இங்கயே குடிச்சுக்கிறேனே."

"காத்தாட இருக்கும்ல. உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் துடைத்த மேசையை மறுபடி துடைத்தேன். வெளியே பெஞ்சில் ஒரு மணி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். டீ இரண்டு முறை வந்தது. பன்னிரண்டு அடித்த பிறகு முருகானந்தம் போய், "வாங்க மேடம், இப்ப ஆரம்பிக்கலாம்" என்றார். ஏன் உட்கார வைத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்துநான்கு வருடம் அரசாங்கத்துக்குப் புள்ளிவிவரம் எடுத்தவன். கிணறு, மாடு, முருங்கை மரம், ஓட்டு வீடு எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, கொள்ளிடத்திலிருந்து தண்ணீர் ஏற்றிக் கொண்டுவருகிற ஒரு திட்டத்தில், ஒப்பந்ததாரரிடம் பதிவேடு சரிபார்க்கும் வேலை கிடைத்தது. திருமானூர்ப் பக்கத்து மோட்டார் நிலையத்தில் மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம் எல்லாம் பெரிய பதிவேட்டில் எழுதுவார்கள். மாதம் முடிந்ததும் அது சாக்குக் கட்டில் பஸ் ஏறி என்னிடம் வரும். நான் கூட்டுவேன், சிவப்பு மையில் சுழிப்பேன்.

அந்த வருடம் கோடை கொடுமையாக இருந்தது. தெருக்குழாயில் ஏழு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். டேங்கர் லாரிகள் மட்டும் தினமும் ஓடின. வழியில் யாரோ நம் தண்ணீரை லாரிக்குத் திருப்புகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பெரம்பலூர்ப் பக்கத்தில் வந்து சேரும் தண்ணீரை அளக்கும் கருவி எட்டு மாதமாகப் பழுது. ஆனால் மோட்டார் நிலையத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. நிமிடத்துக்கு ஒரு வரி, மோட்டார் போடும்போது ஒரு வரி, நிறுத்தும்போது ஒரு வரி என்று தன்பாட்டுக்குக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடமாக அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. அதைப் பதிவேட்டோடு வைத்துப் பார்க்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள்.

ஆறு மாதம் என்றால் 181 நாள், நிமிட வரிகள் மட்டும் 2,60,640. அதை நான் வாயாலேயே பெருக்கிச் சொன்னேன். அவர் லேப்டாப்பில் தட்டிப் பார்த்துவிட்டு, "சரிதாங்க" என்றார். நான் சொன்னதைச் சரிபார்த்தவரை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அவர் சுட்டியைத் தொடமாட்டார். "இது வேணாங்க" என்று அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கறுப்புத் திரை ஒன்றைத் திறப்பார். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. வெள்ளை எழுத்தில் ஒரு வரி தட்டுவார், திரை கீழிருந்து மேலே ஓடும். நிற்கும்போது இரண்டரை லட்சம் வரி போய் ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும். மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குப் பதைக்கும்.

"எங்கயும் போகல சார். கிரெப்னு ஒண்ணு. சல்லடை மாதிரி. மோட்டார் போட்டதுன்னு இருக்கிற வரிய மட்டும் நிறுத்திக்கும். ஃபைல் அப்படியே இருக்கு."

"அதுக்குப் பக்கத்துல என்னமோ ஆக்னு அடிச்சீங்களே."

"அது வரியில எனக்கு வேண்டியத மட்டும் கிள்ளி எடுக்கும். தேதி, நேரம் போதும்னா அது ரெண்டு மட்டும். நடுவுல இருக்கு பாருங்க குத்துக்கோடு, அது பைப்பு. இந்தப் பக்கம் வர்றத அந்தப் பக்கம் தள்ளிவுடும்."

முருகானந்தம் எட்டிப் பார்த்தார். "நம்ம ஆபீஸ்ல ஒழுகாத பைப்பு இது ஒண்ணுதான் போல."

அவர் சிரிக்கவில்லை. "அதையும் பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

அதுதான் அவர். யார் எதைச் சொன்னாலும் இன்னொரு தாள் கேட்பார். பஸ் நிலையத்தில் இரண்டு கடிகாரம் உண்டு. வந்திறங்கியதும் இரண்டையும் பார்த்து, தன் மணிக்கட்டைத் திருப்பி மூன்றாவதையும் பார்ப்பார். பால் பாக்கெட் இரண்டு வாங்கினால் இரண்டின் தேதியையும் பார்ப்பார். அவர்கள் ஊர்க் கோயிலில் சாமியார் போன வருட ஈஸ்டருக்குச் செய்த பிரசங்கத்தையே இந்த வருடமும் செய்தார் என்றும், நடுவில் ஒரு ஆட்டுக்குட்டிக் கதையை மட்டும் எடுத்துவிட்டார் என்றும் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார். எந்த விஷயத்தையும் "ரெண்டையும் பக்கத்துல வைங்க" என்றுதான் தொடங்குவார். வைத்த பிறகு என்ன தெரிகிறது என்று சொல்லவே மாட்டார். வரியைக் காட்டுவார், நாம்தான் சொல்ல வேண்டும்.

பதிவேடு காகிதம், பெட்டி எழுதியது கோப்பு. ஒப்பிட வேண்டும் என்றால் பதிவேட்டையும் தட்டச்ச வேண்டும். நான் இரண்டு விரலால் பதினொரு நாள் உட்கார்ந்து தட்டினேன். 1,112 முறை மோட்டார் போட்டிருந்தார்கள், 1,112 வரி. கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, முருகானந்தத்திடம் அதே பதிவேட்டைக் கொடுத்து, "நீங்களும் ஒருவாட்டி அடிச்சுக் குடுங்க" என்றார்.

"ஏன், நான் அடிச்சது போதாதா?"

"ஒருத்தர் அடிச்சத எதோட சார் வெச்சுப் பாக்கறது?"

முருகானந்தமும் தட்டினார். அந்த அம்மாள் இரண்டையும் டிஃப் என்ற ஒன்றிடம் கொடுத்தார். அது இரண்டு கோப்பையும் அருகருகே நிறுத்தி, மாறுகிற வரியை மட்டும் காட்டும். ஒன்பது இடத்தில் என் பிழை, நான்கு இடத்தில் முருகானந்தத்தின் பிழை. முருகானந்தம் அன்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய் திருத்திய கோப்பையும் பெட்டியின் கோப்பையும் முதல்முறையாக ஒப்பிட்டார். 1,112 வரியும் தப்பு என்று வந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் 6.10, அந்தப் பக்கமும் 6.10. இந்தப் பக்கம் 9.45, அந்தப் பக்கமும் 9.45. இயந்திரமோ எல்லாமே வேறு வேறு என்கிறது.

"வரிக்கு வாலு இருக்கு சார்" என்றார்.

"எங்கே?"

"கண்ணுக்குத் தெரியாது. உங்க கம்ப்யூட்டர்ல அடிச்சா வரி முடியற எடத்துல ஒரு எழுத்து கூட ஒட்டிக்கும். நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, அதுக்கு வேற."

கண்ணுக்குத் தெரியாத எழுத்து. முப்பத்துநான்கு வருடத்தில் எத்தனையோ கிராமத்தில் எத்தனையோ பேர் இல்லாத மாட்டைக் கணக்கில் காட்டி என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்கள் குரலும் இப்படித்தான் அமைதியாக இருக்கும். அவர் ஒரு வரி தட்டி வாலை நறுக்கினார். பிறகு சாயங்காலம் 5.40 என்று நாங்கள் எழுதியதைப் பெட்டியின் வழக்கப்படி 17.40 ஆக்கினார். மறுபடி ஒப்பிட்டபோது எண்ணிக்கை இறங்கியது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் முன்னே பின்னே இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, இருபது நிமிடத்துக்கு மேல் மாறுகிற வரியை மட்டும் காட்டச் சொன்னார்.

நாற்பத்தொன்று.

எல்லாம் ஒரே மாதிரி. பெட்டி சொல்கிற நேரத்துக்கு ஐம்பது, அறுபது, எழுபது நிமிடம் கழித்துத்தான் மோட்டார் போட்டதாகப் பதிவேடு சொல்கிறது. நான் கூட்டினேன்: 2,337 நிமிடம், முப்பத்தொன்பது மணிக்கு மூன்று நிமிடம் குறைவு. அவ்வளவு நேரம் மோட்டார் ஓடியிருக்கிறது, தண்ணீர் வந்திருக்கிறது, பதிவேட்டில் இல்லை. ஒரு டேங்கர் நிரம்ப இருபது நிமிடம் என்று வைத்தால் 116 லாரி. நாற்பத்தொன்றும் பகல் ஷிப்டில். இரவு ஷிப்டில் ஒன்றுகூட இல்லை. பகல் ஷிப்ட் ஆபரேட்டர் செல்வராசு, திருமானூர்க்காரர், தினக்கூலி, பதினாலு வருடமாக அங்கே இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்த பிறகும் நின்று பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் போவார் என்று இரவு ஆள் போனில் சொன்னார். யாரைக் கேட்டாலும் இது போதும் என்பார்கள்.

"போதாது சார்" என்றார் அவர். "இன்னும் ஒரு தாள் பாக்கணும்."

"என்ன தாள்?"

"தெரியல. ஆனா நாப்பத்தொண்ணு ஒரே மாதிரி தப்புறதுன்னா அது கை தவறி வர்றதில்ல. திருடுறவன் ஒரே மாதிரி திருடுவானா? அங்க கடிகாரம் சரியா ஓடுதான்னு மொதல்ல பாத்துட்டு வரேன்."

போனார். அவர் போய்வந்த நாளில் நானும் வேறு வேலையாக அரியலூரில் இருந்தேன். பஸ் நிலையத்தில் திருமானூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். காலையில் தட்டையாக இருந்த துணிப் பை உப்பியிருந்தது. உள்ளே கத்தரிக்காய். மேலாகத் தெரிந்தது பதினொன்று.

"தோட்டமா?" என்று கேட்டேன்.

"செல்வராசு அண்ணன் வூட்டுல வெளஞ்சது. கடிகாரம் ரெண்டு நிமிஷம்தான் பின்னாடி சார். வேற ஒண்ணும் இல்ல."

செல்வராசு அண்ணன். ஒரே பயணத்தில் அண்ணன். பெரம்பலூர் வரும் வரை நான் அந்தப் பதினொரு கத்தரிக்காயையே நினைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் ஒரு தாள் பார்க்க வேண்டும் என்று அவர் இழுப்பதற்கும் இந்தப் பைக்கும் சம்பந்தம் இருக்கிறதா? கோப்பு அவர் கையில். வால் நறுக்கத் தெரிந்தவருக்கு வரி நறுக்கத் தெரியாதா? நாற்பத்தொன்று என்பது அடுத்த வெள்ளிக்கிழமை இருபதாகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

அன்றே எழுதினேன். ஒப்பந்ததாரருக்கு ஒன்றரைப் பக்கம், இணைப்பாக நாற்பத்தொரு வரிகள். அந்த அம்மாளிடம் காட்டவில்லை. ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று செல்வராசுவுக்குப் போனில் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் செல்வராசு பெரம்பலூர் வந்தார். பதினேழு படியும் ஏறி வந்து என் மேசைக்கு முன் நின்றார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது.

"ஒரு கொடம் தண்ணி வெளிய போகல சார். என் புள்ளைங்க மேல சத்தியம்."

"அப்ப ஏன் போட்ட நேரத்த எழுதல?"

"போட்டது போட்ட நேரம் சார். எழுதுனது எழுதுன நேரம்."

திமிராகப் பேசுகிறார் என்று நினைத்தேன். "நான் எழுதிக் குடுத்துட்டேன். இனி என் கையில இல்ல" என்றேன். நாற்பத்தொரு வரிகள் என் மேசை இழுப்பறையில் இருந்தன. எடுத்து அவருக்குக் காட்டவில்லை. எந்த நாள், எந்த நேரம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. டேங்கர் விற்றதாகச் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் அவர் காதுக்குப் போயிருந்தது. அதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்ததும் அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். நீலத் துண்டை எடுத்து லேப்டாப்பைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "அவர்ட்ட அந்த லிஸ்ட காட்டுனீங்களா சார்?" என்றார்.

"இல்ல."

"சரி."

அவ்வளவுதான். அதன் பிறகு என்னோடு வேலைப் பேச்சு மட்டும். அந்த அமைதி என்னை அரித்தது. ஒருநாள் அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போயிருந்தபோது திரை திறந்தே இருந்தது. கோப்புகளின் பெயர்கள் வரிசையாக. அதில் ஒன்று, 'பெரிசு'. அலுவலகத்தில் அந்தப் பெயருக்குப் பொருத்தமானவன் நான் ஒருவன்தான். அவர் வந்ததும் கேட்டேன்.

"என்னைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்கீங்க?"

அவர் தயங்கவில்லை. திறந்து காட்டினார். இரண்டு பத்தி. இடப்பக்கம் நான் ஒரு நாள் சொன்னது, வலப்பக்கம் இன்னொரு நாள் சொன்னது. பதினொரு வரி இருந்தது. 'ஜூலை 19: வீட்டில் தென்னை மூன்று. ஆகஸ்ட் 2: தென்னை நான்கு.' 'ஜூலை 23: ராத்திரி சாப்பாடு இட்லி மட்டும். ஆகஸ்ட் 6: நேற்று ராத்திரி பரோட்டா.'

"நாலாவது தென்ன பக்கத்து வூட்டு எல்லையில நிக்கிது" என்றேன். "எண்ணுறப்ப அது சந்தேகக் கேஸு."

"அப்படியா" என்று அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

"இது என்னம்மா பழக்கம்? நான் என்ன அக்யூஸ்டா?"

"எல்லாருக்கும் இருக்கு சார். எனக்கும் இருக்கு" என்று இன்னொரு கோப்பைத் திறந்தார். அது நூறு வரிக்கு மேல் போயிற்று. இடப்பக்கம் 'இன்னைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணுவேன்'. வலப்பக்கம் 'பண்ணல'. அதே வரி நான் பார்த்த ஒரு பக்கத்தில் மட்டும் ஆறு முறை. நான் மேலே படிக்கவில்லை.

அப்போதுதான் ஒன்று சொன்னார். அவரைப் பற்றி அவராகச் சொன்னது அது மட்டும்தான். ஏதோ அரசாங்கப் பரீட்சை எழுதப் போயிருக்கிறார். ஒரு சான்றிதழில் பிறந்த தேதி ஐந்து, இன்னொன்றில் ஆறு. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ரெண்டும் என் பையிலயேதான் சார் இருந்துச்சு, மூணு வருஷமா. ஒருநாளும் எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாக்கல."

செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மணி 3.15. புழுக்கம். மின்விசிறி இரண்டில் ஒன்றுதான் ஓடியது. அவர் ஒரு தாளை என் முன் வைத்தார். அதே நாற்பத்தொரு வரிகள். ஆனால் தேதி வரிசையில் இல்லை; கிழமை வாரியாக அடுக்கியிருந்தார். திங்கள் 6, செவ்வாய் 5, புதன் 7, வியாழன் 6, வெள்ளி 8, சனி 5, ஞாயிறு 4. கூட்டினேன், நாற்பத்தொன்று சரி.

"வெள்ளிக்கிழம எட்டையும் பாருங்க சார். மோட்டார் போட்டது பூரா பத்தரைக்கு மேல, பன்னெண்டுக்குள்ள. எழுதுனது பூரா பன்னெண்டு தாண்டி. மத்த கெழமைக்கும் அப்படி ஒரு நேரம் இருக்கு, ஆனா கெழமைக்குக் கெழமை மாறுது. ரெண்டு வாரமா மண்டைய உடைச்சுக்கிட்டேன். இப்ப ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. நான் வந்த அன்னைக்கு, வெள்ளிக்கிழம, பத்து நாப்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் என்னைய ஏன் வெளியில உக்கார வெச்சீங்க?"

எழுதி வைத்திருந்திருக்கிறார். அன்று கேட்காமல் எழுதி வைத்திருந்திருக்கிறார்.

முருகானந்தம்தான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "ராகு காலங்க மேடம். மொத நாளு, புது வேல, நல்லா இருக்கட்டுமேன்னு."

"அப்படின்னு ஒண்ணு இருக்குன்னு தெரியும். நேரம் தெரியாது. எங்க வூட்டுக் காலண்டர்ல புனிதருங்க பேருதான் இருக்கும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மத்த கெழமைக்கெல்லாம் எப்ப சார்?"

என் தலைக்குப் பின்னால் நாட்காட்டி தொங்கியது. தினமும் தாளைக் கிழிப்பவன் நான். திரும்பிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்றேன். ஆறு வரியும் பொருந்தின. சனி ஒன்பது முதல் பத்தரை. ஐந்தும் பொருந்தின. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. வியாழன் ஒன்றரை முதல் மூன்று. செவ்வாய் மூன்று முதல் நாலரை. ஞாயிறு நாலரை முதல் ஆறு. ஞாயிறு என்று சொல்லும்போதே ஷிப்ட் முடிந்தும் செல்வராசு நின்று எழுதியது எதற்கென்று தெரிந்துவிட்டது. மேலதிகாரி கூப்பிட்டால் மோட்டாரைப் போட்டுத்தான் ஆக வேண்டும், ஊருக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த பதிவேட்டில் அந்த நேரத்தில் மை வைக்க அவர் கை போகாது. அந்த ஒன்றரை மணி கழிந்ததும் எழுதுவார். எழுதும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், அதில் என்ன மணியோ அதைப் போடுவார். போட்டது போட்ட நேரம், எழுதுனது எழுதுன நேரம். என் முன்னால் நின்று அதையேதான் சொன்னார்.

தண்ணீர் ஒரு சொட்டும் எங்கும் போகவில்லை. 116 லாரியும் என் மேசையில் ஓடியவை.

"இப்பவே எழுதறேன்" என்று தாளை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தேன்.

முருகானந்தம் மெல்ல, "சார், மணி மூணரைதான் ஆவுது. செவ்வாக்கெழம. நாலரைக்கு மேல எழுதுங்களேன், நல்ல காரியம்" என்றார்.

நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. பதவியில் இருந்தபோது கூட்டம் போட்டுச் சொன்னவன். ஆனால் பேனா தாளுக்கு மேலே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று எண்ணினேன், நாற்பது நொடி. அந்த அம்மாள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நான் எழுதினேன். மேலே தேதியும் மணி 3.31 என்றும் போட்டேன். நான் எழுதி முடிப்பதற்குள் அவர் லேப்டாப்பில் ஒரு வரி தட்டுகிற சத்தம் கேட்டது. எந்தக் கோப்பில் என்று கேட்கவில்லை. பன்னிரண்டாவது வரி.

மறுநாளே செல்வராசுவை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வராத நாளுக்குக் கூலி கிடையாது, தினக்கூலிக்கு அப்படித்தான் என்றார்கள். நான் அதைக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். ஆகஸ்ட் 12 முதல் செப்டம்பர் 3 வரை இருபத்திரண்டு நாள், நாளுக்கு 430, மொத்தம் 9,460 என்று தாளில் போட்டேன். வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்ததும் தாளைக் காட்டினேன். அரியலூரிலிருந்து எடுத்து வந்த வருகைத் தாளை அதன் பக்கத்தில் வைத்தார். விரலால் ஒவ்வொரு நாளாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"இருபத்திமூணு சார். மொத நாளையும் சேத்து எண்ணணும்."

நானே எண்ணினேன். இருபத்திமூன்று.

திருமானூருக்கு நான் தனியாகத்தான் போனேன். மோட்டார் நிலைய வாசலில் செல்வராசு பணத்தை வாங்கி எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார். நான் எண்ணச் சொன்னேன். "இருக்கட்டும் சார்" என்றார்.

"அந்த நேரத்துல எழுத மாட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, செல்வராசு."

"எல்லா ஸ்டேஷன்லயும் அப்படித்தான் சார். ஒங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க அந்த லிஸ்ட காட்டியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்." பிறகு, "கொழாயடியில எம் பொண்டாட்டியத் தண்ணி வித்தவன் பொண்டாட்டின்னு சொல்லிட்டாளுவ. இப்ப அவ அங்க போறதில்ல. நான்தான் கொடத்த எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேச்சை முடித்துவிட்டுக் கத்தரிக்காய் பறித்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். எத்தனை என்று எண்ணவில்லை.

அந்த அம்மாள் அந்த வருடக் கடைசியில் வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். 'பெரிசு' கோப்பை அழித்துவிட்டாரா, பன்னிரண்டாவது வரியில் என்ன எழுதினார், தெரியாது. இன்றைக்கும் யாரிடமாவது எதையாவது சொல்லும்போது, இதற்கு முன் இதையே வேறு மாதிரி சொல்லியிருக்கிறேனா என்று ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் 22 ரூபாய், அரியலூரிலிருந்து திருமானூர் 18, திரும்பி வர அதே 40. இருபத்திமூன்று நாள் கூலி 9,890. ஆக எனக்கு ஆனது 9,970 ரூபாய்.